மீந்ததெல்லாம் எனக்கு

போனில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சென்னையிலிருக்கும் நாத்தனார் தொடங்கி லேக் மார்க்கெட் காபிப்பொடிக் கடைக்காரர் வரை எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்படி என்னத்தச் சாப்பிட்டீங்க?" நான் பதில் சொல்லத் தொடங்கினால் பாதியில் மறித்துத் தாங்களே ஒரு பதில் சொல்லிக்கொள்கிறார்கள். ரோட்டோரம் புச்கா, அதாவது பானிபூரி, சாப்பிட்டிருப்பீர்கள். வெயிலில் அலைந்திருப்பீர்கள். இல்லையென்றால் வங்காளத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கல்கத்தா பாலிகஞ்சில் பிறந்தவள். எழுபது வயது தாண்டிவிட்டது. இந்தத் தண்ணீர் இனிமேல்தான் ஒத்துக்கொள்ள வேண்டுமா? அதனால் ஒரே தடவையாக எழுதிவைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

எங்கள் வீட்டில் இரண்டே பேர். நான் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் கணவர் சிதம்பரம் பிள்ளை ஓர் அரசுத் தொழிற்சாலையில் மின்சார மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவர். திருநெல்வேலிக்காரர். ஓய்வு பெற்ற பிறகு தொழிற்சாலை போய், நானும் வீட்டுச் சாமான்களும் மட்டும் அவர் பொறுப்பில் மிஞ்சினோம். மகள் மீனா நியூ டவுனில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. எதிர் ஃப்ளாட்டில் கிருஷ்ணாதி, அதாவது கிருஷ்ணா அக்கா. கல்லூரி நூலகராக இருந்தவர், கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வசந்தா என்கிற என் பெயரைப் 'பாஷொந்தி' ஆக்கியவர் அவர்தான். நாங்கள் பேசிக்கொள்வது வங்காளியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பிறந்தநாளுக்குப் பாயேஷ் வைப்பது வங்காளிகளின் வழக்கம். நம் பால் பாயசம்தான், கொஞ்சம் கெட்டியாக இருக்கும். வருஷா வருஷம் என் பிறந்தநாளன்று கிருஷ்ணாதி வைத்துக் கொண்டுவருவார். இந்த வருஷமும் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கொண்டுவந்தார். நான் அவர் எதிரிலேயே ஊதி ஊதிச் சாப்பிட்டேன். என் கணவருக்குச் சர்க்கரை வியாதி, அவர் தொடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கலவரமும் இதிலிருந்துதான் வந்தது.

மறுநாள் மாலை எனக்குக் குளிர் எடுத்தது. ஜ்யேஷ்ட மாதத்து, அதாவது நம் வைகாசி மாதத்து, கல்கத்தா வெயிலில் நான் கம்பளி கேட்டேன். பிறகு வயிற்றுப்போக்கு, வாந்தி. "கேஸ்தான்" என்றார் கணவர். இந்த ஊரில் எல்லா வியாதியும் கேஸில்தான் தொடங்கும். தலைவலி கேஸ், முதுகுவலி கேஸ், மாரடைப்பு வந்தவனுக்குக்கூட முதலில் ஒரு கேஸ் மாத்திரைதான் கொடுப்பார்கள். நானும் காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் பல வருஷங்களாக விழுங்கி வருகிறவள். அன்று கூடுதலாக ஒன்று கொடுத்தார். அதுவும் வாந்தியில் போயிற்று. மறுநாள் காலை குளியலறையிலிருந்து எழுந்து வரும்போது கண் இருட்டிக் கதவோரம் சரிந்துவிட்டேன். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது கிருஷ்ணாதி. மீனாவுக்குப் போன் செய்ததும் அவர்தான். என் கணவர் அப்போதும் எலெக்ட்ரால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

பைபாஸ் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் எமர்ஜென்ஸியில் படுக்க வைத்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்த பையன் மறுபடி பார்த்தான், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டான். இரண்டு கைகளிலும் சலைன் ஏறியது. வயிற்றுப்போக்கினால் உடம்பிலுள்ள நீர் வற்றி, ரத்தம் சிறுநீரகத்துக்குச் சரியாகப் போகவில்லையாம். கிரியாட்டினின் என்று ஓர் எண் சொன்னார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதன் கணக்கு அது. என் எண் இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அந்த டாக்டர் மிகவும் சாதாரணமான குரலில், "வீட்டிலேயே வைத்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கும்" என்றார். மீனா என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

அடுத்த இரண்டு நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் வயதானவர்களுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறும், கிருமி அடங்கினால் தெளியும் என்று பிறகு விளக்கினார்கள். நான் நர்ஸைப் பார்த்து, மூன்றாவது பெஞ்சில் பேசாதே என்று அதட்டினேனாம். கோதாவரி எங்கே உற்பத்தியாகிறது என்று ஆயாவிடம் கேட்டேனாம். அவள் எனக்குத் தெரியாது மாஷிமா என்று பெரியம்மா முறை வைத்துச் சொன்னதும், நின்றுகொண்டிரு என்றேனாம். இதையெல்லாம் இப்போது எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தெளிந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இரண்டு நாள் நான் எங்கே இருந்தேன், திரும்பி வராமலே போயிருந்தால் மீனா யாரிடம் பேசிக்கொண்டிருந்திருப்பாள் என்ற பயம்தான் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிளட் கல்ச்சர் என்பது ரத்தத்தை ஒரு புட்டியில் இட்டு, கிருமி ஏதாவது முளைக்கிறதா என்று காத்திருந்து பார்க்கும் சோதனை. அது முளைக்கும்வரை நாமும் காத்திருக்க வேண்டியதுதான். முளைத்தது. சால்மொனெல்லா என்று பெயர். டைபாய்டு கிருமிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டின் வழியாக உள்ளே போகும். சின்ன வயதுக்காரர்களை நாலு நாள் படுத்திவிட்டு விட்டுவிடும். என் வயதில் குடலோடு நிற்காமல் ரத்தத்துக்குள் இறங்கிவிடும்.

பெயர் தெரிந்ததும் மருந்து மாறியது, காய்ச்சல் இறங்கியது. உடனே சாப்பாடு வந்தது. இதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குழைந்த சோறு, அதன்மேல் உப்பில்லாத வேகவைத்த பப்பாளிக்காய். மத்தியானம் பப்பாளிக்காய். சாயந்திரம் பப்பாளிக்காய் சூப். எனக்குச் சைவம் என்று எழுதியிருந்ததால் மாறுதலுக்கு ஒருநாள் வாழைக்காய் கொடுத்தார்கள், அதையும் வேகவைத்துத்தான். டயட்டீஷியன் பெண் வந்து, "ஆன்ட்டி, அச்சா லகா?", பிடித்ததா என்று இந்தியில் கேட்டாள். எனக்கு இந்தி வருமா என்று அவள் கேட்கவில்லை. சல்வார் போட்ட பெண்கள் எல்லாரும் ஏன் என்னைக் கண்டால் இந்தி பேசுகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கிருஷ்ணாதி வரவில்லை. மூன்றாம் நாள் தெளிந்ததிலிருந்து விசிட்டிங் நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரிடம் கேட்டேன்.

"அவங்க எப்படி வருவாங்க?" என்றார். "நான் சொல்லிட்டேன்லா."

"என்னத்தச் சொன்னீங்க?"

"உங்க பாயேஷ்தான்னு. இனிமே எங்க வீட்டுக்கு ஒண்ணும் குடுக்காதீங்கன்னு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். கையிலிருந்த ஊசி இழுத்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு அது பாயேஷ்னு?"

"யாரு சொல்லணும்? ரெண்டு பேரும் ஒரே வீட்ல ஒரே சாப்பாடு சாப்பிடுதோம். நான் திங்காதது அது ஒண்ணுதான். நீ தின்ன. உனக்கு வந்திருக்கு, எனக்கு வரல."

மெயின்டனன்ஸில் இருந்தவர் பழுதைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. என்னால் கத்த முடியவில்லை, தொண்டையில் பலமில்லை. வெளியே போகச் சொன்னேன். அவர் ஆப்பிள் நறுக்கித் தரட்டுமா என்று கேட்டார்.

அன்று மாலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் இளம்பெண். மீனாவைவிடச் சின்னவள். கட்டிலோரம் உட்கார்ந்து, வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். பாயேஷைச் சொன்னேன். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டேன் என்றதும், "அப்படியானால் அது இருக்க வாய்ப்பு குறைவு. நன்றாகக் கொதித்தால் இந்தக் கிருமி செத்துவிடும்" என்றாள். பிறகு, "உங்கள் கணவர் சாப்பிடாதது வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றாள்.

"வேறு எதுவும் இல்லை. ஒரே சமையல்."

"ஒரே நேரத்திலா?"

"இல்லை. அவர் முதலில். அவருக்கு எல்லாம் சுடச்சுட வேண்டும்."

"நீங்கள்?"

 நான் என்ன சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு அன்றன்றைக்குச் செய்தது. எனக்கு முதல்நாள் மீந்தது. நேற்றைய பொரியல், முந்தாநாள் குழம்பின் அடி, காலை இட்லிக்கு இரண்டு நாளாகக் கிடக்கும் தேங்காய்ச் சட்னி. கொட்ட மனம் வராது. சூடாக்கவும் மாட்டேன், ஒருத்திக்காக அடுப்பைப் பற்ற வைப்பானேன் என்று. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். என் அம்மாவும் இப்படித்தான் சாப்பிட்டாள்.

சொன்னேன். டாக்டர் தலையாட்டினாள். இளவயதில் வயிற்று அமிலமே பாதிக் கிருமியைக் கொன்றுவிடும், வயதானால் அது குறையும், நான் தினமும் விழுங்கும் கேஸ் மாத்திரை இருப்பதையும் குறைத்துவிடுகிறது என்றாள். நீங்களாக நிறுத்தாதீர்கள், தேவையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னாள்.

"ஆனால் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன்" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"ஃப்ரிட்ஜ் நன்றாகக் குளிர்கிறதா?"

போன வருஷம்தான் வாங்கினோம், புதுசு என்றேன்.

மீனா அந்த நாட்களில் அப்பாவுக்குத் துணையாகப் பாலிகஞ்ச் வீட்டில் தங்கியிருந்தாள். மறுநாள் விசிட்டிங் நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ஒரு பாஸுக்கு ஒருவர்தான் என்று செக்யூரிட்டி மறித்ததையும் மீறி வந்திருந்தார்கள். மீனா முகம் சிவந்திருந்தது.

"ம்மா, காலைல எழுந்து தண்ணி எடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜ்ல லைட் எரியல. உள்ள ஒண்ணுமே ஜில்லுனு இல்ல."

"ரிப்பேரா? புதுசுல்லா அது."

"ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. அப்பாதான் ரிப்பேர். டெய்லி ராத்திரி படுக்கறப்ப ஆஃப் பண்ணி, காலைல ஆன் பண்றாங்களாம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒளிக்கவே இல்லை.

"அதுக்கும் ரெஸ்ட் வேணும்லா? கம்ப்ரெஸர் ராப்பகலா ஓடுனா எத்தன நாள் தாங்கும்? பழசு எப்படிப் போச்சு? ராத்திரி யாரு அதத் திறக்கா? கதவு மூடியே இருந்தா குளிரு உள்ளயே நிக்கும்."

"எத்தன நாளா?"

"வாங்குனதுலேர்ந்துதான்."

ஒரு வருஷமாக நான் ஜில்லென்று இருப்பதாக நம்பி எடுத்து வைத்ததெல்லாம் ராத்திரி முழுக்கக் குளிர் விட்டுக் கிடந்து, காலையில் மறுபடி குளிர்ந்து, ஒன்றும் நடக்காதது போல என் தட்டுக்கு வந்திருக்கிறது. அவர் எழுந்தவுடன் சுவிட்சைப் போட்டுவிடுவார். நான் சமையலறைக்கு வரும்போது விளக்கு எரியும்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல ப்பா?"

"சுவிட்ச அணைக்கதுக்கெல்லாம் சொல்லணுமாக்கும்."

நர்ஸ் வந்து மூன்று பேரையும் அதட்டினாள். நோயாளியையும் சேர்த்து.

"கிருஷ்ணாதிகிட்டப் போயிச் சொல்லுங்க," என்றேன், "பாயேஷ் இல்லன்னு."

"அது ப்ரூவ் ஆகல்லியே."

இதுதான் என்னை அதிகம் எரித்தது. ஏனென்றால் அது உண்மை. எந்தச் சாப்பாடு என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டாள். ஆனால் பாயேஷ் மேல் பழி போடும்போது அவருக்கு எந்த ப்ரூஃபும் தேவைப்படவில்லை.

டிஸ்சார்ஜ் என்று காலையில் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் சம்மதித்து, பில் இறங்கி, மருந்துக் கடையில் கையெழுத்தாகி நான் வெளியே வந்தபோது சாயந்திரம் ஆகிவிட்டது. அதற்குள் இன்னொரு பப்பாளிக்காய் சாப்பிட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எதிர்க் கதவைத் தட்டினேன். கிருஷ்ணாதி திறந்தார், ஆனால் உள்ளே வா என்று சொல்லவில்லை. ஒரு வாரத்தில் மெலிந்திருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. அவர் வீட்டில் வேலை செய்யும் பெண் ஏற்கெனவே மீனாவிடம் சொல்லியிருந்தாள்: அடுப்பே பற்ற வைப்பதில்லை, பொரியும் டீயும்தான், பால்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

"உன்னப் பாக்கணும்னு தினமும் நெனச்சேன், பாஷொந்தி. எந்த முகத்தோட வர?"

"பாயேஷ் காரணம் இல்ல, கிருஷ்ணாதி. டாக்டரே சொன்னாங்க. நான் பழசத் தின்னதுதான். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்..."

"நீ என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்கே தெரியுது. கண்ணு சரியில்ல, மூக்கும் போச்சு. பால் திரிஞ்சா எனக்குத் தெரியல. கை கழுவினேனா இல்லையான்னு மறந்துபோகுது. இனி சமைக்கக் கூடாது. யாரையாவது கொன்னுடுவேன்."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நான் சொன்னால் அது அன்பு. குற்றம் சொன்னவர் வந்து சொன்னால்தான் அது உண்மை. எண்பது வயதை நெருங்கும் பெண் பொரி தின்று கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைவிட மோசமாக அவரைக் கொண்டுபோக வேண்டி வரும்.

கணவரிடம் கெஞ்சிப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். இரண்டும் அவரிடம் செல்லாது. கடைசியில் மீனா ஒரு வேலை செய்தாள். ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வந்து அப்பா கையில் கொடுத்தாள்.

"டாக்டர் அஞ்சு டிகிரிக்குள்ள இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. நீங்களே டெஸ்ட் பண்ணுங்க ப்பா. எப்பவும் போல ஆஃப் பண்ணுங்க, காலைல நீங்களே ரீடிங் எடுங்க. நாங்க தொட மாட்டோம்."

மனைவி சொல்லைக் கேட்காதவர் மீட்டர் சொல்லைக் கேட்பார். காலையில் நான் எழுந்து வந்தபோது, திறந்த ஃப்ரிட்ஜின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பதினான்கு காட்டியது. தட்டிப் பார்த்தார். பழைய பெட்டியிலிருந்து தன்னுடைய தெர்மாமீட்டர் ஒன்றைத் தேடி எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதுவும் பதினான்கு. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நீ வச்ச சட்னி எந்தத் தட்டுல இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மேல் தட்டுல."

"மேல இன்னும் சூடால்லா இருக்கும்" என்றார் மெதுவாக.

குளித்தார். வெளியே போகும் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எதிர்க் கதவுக்குப் போனார். நான் எங்கள் வாசலில் நின்றேன். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அவர் பேசும் வங்காளி தொழிற்சாலை வங்காளி. ஆண்களோடு சத்தம் போட மட்டும் கற்றது. கிருஷ்ணாதி கதவைத் திறந்ததும், தயார் செய்துகொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது போல நின்றார். பிறகு சொன்னார்:

"கிருஷ்ணாதி, தோஷ் அமார்."

தப்பு என்னுடையது. என்னிடம் அவர் இந்த வார்த்தையை எந்த மொழியிலும் சொன்னதில்லை. அப்புறம் கம்ப்ரெஸர், சுவிட்ச், பதினான்கு டிகிரி என்று எல்லாவற்றையும் இங்கிலீஷும் இந்தியும் கலந்து விளக்கினார். முடிவில் இரண்டு தெர்மாமீட்டர்களையும் நீட்டிக் காட்டினார்.

கிருஷ்ணாதி அவற்றை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு, "தள்ளுங்க, பிள்ளை பாபு" என்று அவரை விலக்கிவிட்டு நேரே எங்கள் சமையலறைக்கு வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். இது என்றைக்குச் செய்தது, இது என்றைக்கு. நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் குப்பை வாளியில் கவிழ்த்தார். நறுக்கிய மாம்பழம் போயிற்று. பாதித் தயிர் போயிற்று. நான் தடுக்கப் போன எலுமிச்சை ஊறுகாய் மட்டும் தப்பியது. எல்லாம் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவிக்கொண்டு, "பசிக்குது" என்றார். அன்று எங்கள் வீட்டில் சுடச்சுட ரசமும் சோறும் சாப்பிட்டார். சாயந்திரம் அவர் வீட்டிலிருந்து பெருங்காயமில்லாத பருப்பு வேகும் வாசனை வந்தது.

இப்போது வீட்டில் சட்டங்கள். அளவாகச் சமைக்க வேண்டும். மீந்தால் சீக்கிரம் உள்ளே வைக்க வேண்டும். எடுத்தால் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் கொட்டிவிட வேண்டும், முகர்ந்து பார்க்கக் கூடாது, ஏனென்றால் இந்தக் கிருமிக்கு வாசனை கிடையாது. கடைசிச் சட்டம் மீனா போட்டது: இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட வேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டம் நல்லது என்று நினைப்பவர்கள் என் கணவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் தனியாக, அமைதியாக, பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். நாளில் அந்த அரைமணி நேரம்தான் என்னுடையது. சோறு பழசு என்றாலும் நேரம் என்னுடையது. இப்போது அவர் அப்பளத்தை நொறுக்குவதைக் கேட்டுக்கொண்டு, வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பற்றிய உபன்யாசத்தையும் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கிறது.

நேற்று மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பில் கையை வைத்ததும், "உப்பு கொறச்சல்" என்றார். நானும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உப்பு சரியாக இருந்தது. சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து நாக்கு மரத்துவிட்டது என்றார். உங்களுக்கு எழுபத்தாறாகிறது, உங்கள் நாக்கு மட்டும் நேற்று வாங்கியதா என்றேன். பேச்சு வளர்ந்து, ஸ்டெபிலைசரைத் தாண்டி, 'தோஷ் அமார்' என்பதைத் தமிழில் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பது வரை போயிற்று.  அதற்குள் இருவர் தட்டிலும் குழம்பு ஆறிவிட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்திருப்பது நான்தான். நேற்று நான் எழுந்திருக்கவில்லை. அவர்தான் எழுந்தார். பிறகு இரண்டு தட்டுக் குழம்பையும் பாத்திரத்தில் வழித்து ஊற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது.

"கொதிச்சாப் போதுமா, வசந்தா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"நல்லா கொதிக்கணும்" என்றேன்.